குழல் ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கம்

உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையோரம் பைக் செயின் படும் பாட்டைத்தான் பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்த தாத்தா காலத்து ரெட்டைக் குழல் துப்பாக்கியும் படுகிறது. விசை இறுகிவிடும்; குதிரை பாதியில் நின்றுவிடும். ‘என்னதான் ஆச்சு, பார்த்துவிடலாம்’ என்று வீட்டில் யாராவது ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பிப்பது அப்போதுதான்.

கழற்றுவதில் பெரிய சிரமமில்லை. மாட்டுவதில்தான் மானம் போகும். துருவேறிய திருகாணியில் அளவு சேராத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் அதன் காடி மழுங்கும். அடுத்து சுத்தியல் வரும். அழுந்திக்கிடந்த ஸ்பிரிங் விடுபட்டுத் தெறித்துக் கட்டிலுக்கடியில் போய் விழும்; கண்ணில் அடிக்காமல் போனால் பிரித்தவர் செய்த புண்ணியம். பழைய துப்பாக்கிகளின் பாகங்கள் பலவும் கையால் ராவிப் பொருத்தப்பட்டவை. வலப்பக்கத்தது இடப்பக்கம் சேராது. வீடியோவில் காட்டியதோ வேறு மாடல். கடைசியில் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கி, தெரிந்தவரின் லேத் பட்டறைக்குப் போகிறது.

அந்த டப்பாவோடு வாசலைத் தாண்டும்போதுதான் நிஜமான வம்பு தொடங்குகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். பிரித்துவிட்டால் அது வெறும் இரும்பாகிவிடாது. எண்ணெய் போட்டுத் துடைப்பது உரிமதாரரின் பாடு. பழுது பார்ப்பதை ஒரு தொழிலாகச் செய்வதற்கோ அச்சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். அது இல்லாத பட்டறைக்காரருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உரிமமில்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவரும் தப்ப முடியாது. ‘ஒரு பின்தானே அண்ணே, கடைந்து கொடுங்க’ என்பதற்கு இவ்வளவு விலை.

சட்டம் கிடக்கட்டும், உயிர் இருக்கிறது. வாய்வழி மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் எப்போதோ போட்ட கருமருந்தும் ரவையும் குழலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அரைகுறையாக மாட்டிய துப்பாக்கியில் குதிரை சரியாகப் பிடிக்காது. கீழே விழுந்தாலே வெடிக்கும். தோட்டா இல்லை என்று யாரோ சொன்னதை நம்பித் தொடக் கூடாது.

ஏற்கெனவே பிரித்துவிட்டவர் என்ன செய்வது? கிடைத்த பாகங்கள் அத்தனையையும் ஒரே பையில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். குறைந்ததை வெளியே வாங்கவோ கடைந்து சேர்க்கவோ கூடாது. குழலோ எண் பொறித்த பாகமோ தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அசல் உரிமத்தோடு, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு உரிமதாரரே நேரில் கொண்டுபோவது நல்லது. உரிமதாரர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் இல்லாமல் மகன், மைத்துனன் கையில் கொடுத்தனுப்புவது அவர்களைக் குற்றவாளியாக்கும் வேலை. துப்பாக்கியின் வகை, பொறித்த எண், உரிம எண், தேதி, பாகங்களின் பட்டியல் ஆகியவை எழுதிய ரசீது வாங்காமல் கடையை விட்டு நகரக் கூடாது.

அதிகம் சிக்குவது வாரிசுகள். உரிமம் தாத்தாவோடு போய்விட்டது. துப்பாக்கி மட்டும் பரணில் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஒப்படைத்த பிறகு மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பழைய உரிமப் புத்தகம், ஒப்படைத்த ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் இப்போது வரம்பு. உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க, முடிவதற்கு 60 நாள் முன்பே மனுப் போட வேண்டும்.

காவல் நிலையத்தில் என்ன நடக்கிறது என்பதும் ஊரறிந்ததுதான். ‘ரைட்டர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்பார்கள். வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தராமல் அனுப்புவதும் உண்டு. பயந்து ஒப்படைக்க வந்தவரைப் பரணுக்கே திருப்பி அனுப்புகிற இந்த அலட்சியத்துக்கு எந்தப் பிரிவில் தண்டனையோ! வாங்கவோ ரசீது தரவோ மறுத்தால் அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் மனு அனுப்பலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கியை ஒப்படைக்கும்போதும் இதே விதிதான்: ரசீது, ரசீது, ரசீது.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கென்றே இன்னொரு கண்ணி இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் வசிக்கும் உரிமதாரர் வனத்துறையிடம் பெயரைப் பதிய வேண்டும் என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்தங்கல், சக்கரக்கோட்டை என்று பறவைச் சரணாலயங்கள் இங்கே வரிசையாக உண்டு. கடல் பக்கம் போனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள். எல்லாவற்றையும் சுற்றிப் 10 கி.மீ. வட்டம் போட்டால் தப்பும் ஊர்கள் எத்தனை? ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பதிவது நல்லது. உரிமம் வேண்டாத 4.5 மி.மீ. ஏர்கன் வைத்திருப்போரும் கவனிக்க: ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்டி 20 ஜூல் அளவைத் தாண்டினால் அதற்கும் உரிமம் வேண்டும். அதைக் கொண்டு கொக்கை அடித்தால் வேட்டை வழக்கு தனி.

கடைசியாக, யாருடையதென்றே தெரியாத ஆயுதம். 2018 ஜூனில் தங்கச்சிமடம் அந்தோணியார்புரத்தில் ஒரு மீனவர் வீட்டில் செப்டிக் டேங்க் தோண்டியபோது துருப்பிடித்த பெட்டிகள் தட்டுப்பட்டன, உள்ளே தோட்டாக்கள். எண்பதுகளில் ஈழப் போராளிக் குழுக்கள் இந்தக் கரையில் நடமாடிய காலத்தில் புதைத்தவை என்று கருதப்பட்டது. அந்த வீட்டார் செய்ததுதான் சரி: தோண்டுவதை நிறுத்திப் போலீசுக்குச் சொன்னார்கள். பெட்டியைத் திறப்பது, தோட்டாவைத் தட்டிப் பார்ப்பது, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது மூன்றும் ஆளைக் கொல்லும். துரு ஏறியதால் வெடிக்காது என்பது பொய். கிடந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கி, 112க்கு அழைக்க வேண்டும். வலையில் அப்படி ஏதாவது ஏறினால் கரைக்குக் கொண்டுவந்து காட்டுகிற ஆசையை விட்டுவிட்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்குப் படகிலிருந்தே சொல்லிவிட வேண்டும்.