வலசைப் பறவை, வாத்து மந்தை, நம்ம நாட்டுக்கோழி

மார்கழி பிறந்துட்டா தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் வயலும் வாய்க்காலும் பறவைக் கூட்டமாத்தான் இருக்கும். தெற்கே கோடியக்கரைக்கு வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் உள்ளானும் கிளுவையும் வலசை வரும் காலம் அது. கொஞ்ச நாளில் சம்பா அறுவடை. அது முடிந்ததும் வாத்து மந்தைக்காரர்கள் லாரியில் வந்து இறங்குவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் வாத்து பொறுக்கும், வயலுக்கு எரு சேரும். நம்ம வீட்டு நாட்டுக்கோழியும் அதே வயலில்தான் கிளறும். இந்த மூன்றும் ஒரே தண்ணீரில் வாய் வைக்கிற இடத்தில்தான் பறவைக் காய்ச்சலுக்கு வழி கிடைக்கிறது.

இந்த வைரஸ் காட்டு வாத்துகளின் குடலில் காலங்காலமாக இருப்பது. அவற்றுக்குப் பெரிய நோவு இல்லை. எச்சத்தோடு தண்ணீரில் கலக்கும். குளிர்ந்த தண்ணீரில் அதிக நாள் உயிரோடு இருக்கும். இதில் எச்5, எச்7 வகைகள் கோழிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் கொட்டகைக்குள் போனால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவியே கொல்லும் வகையாக மாறிவிடும். இன்று உலகமெல்லாம் சுற்றும் எச்5என்1 வழிமரபு, 1996-இல் சீனாவின் குவாங்டோங்கில் வளர்ப்புப் பெருவாத்துகளிடம் கண்டறியப்பட்டது. பிறகு அது காட்டுப் பறவைக்கே திரும்பிப் போனது. 2020 கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அதனால் பழியை வலசைப் பறவை மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

நமக்குப் பாடம் குட்டநாடு. அதுவும் நெல்லும் நீரும் வாத்தும் சேர்ந்த பூமி. 2014 நவம்பரில் அங்கே வாத்துகளுக்கு எச்5என்1 வந்து, இரண்டு லட்சத்துக்கும் மேல் அழித்தார்கள். 2016, 2021, 2024 என்று பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. தாய்லாந்தில் 2004-இல் நோய் பரவியபோதும் வயலில் மேய்ந்த வாத்துகள்தான் பாலமாக இருந்தன. வாத்து பார்க்க நன்றாக இருக்கும், நோயை மட்டும் கடத்திக்கொண்டே இருக்கும். கோழி அப்படி இல்லை. பிடித்தால் ஓரிரு நாளில் கூட்டமே சரியும்.

வாத்து மந்தையை விரட்டச் சொல்லவில்லை, அதுவும் ஒரு பிழைப்பு. மந்தை வயலில் நிற்கும் நாட்களிலும் அதற்கப்புறம் இரண்டு வாரமும் கோழியை வலைக்குள் அடையுங்கள். வாய்க்கால், குளத்துத் தண்ணீர் வேண்டாம். அடிபம்புத் தண்ணீரைக் கூரைக்குக் கீழே வையுங்கள். தீனியும் அங்கேயே. வயலுக்குப் போட்ட செருப்போடு கொட்டகைக்குள் போகாதீர்கள். சந்தையில் வாங்கிய கோழியைத் தனியாக வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

“இயற்கையா வளர்த்த கோழிக்கு வராது”ன்னு நம்ம ஆட்களே சொல்றாங்க. வரும். திரிந்து மேய்வதால் காட்டுப் பறவையோடு சேரும் வாய்ப்பு அதிகம். கீழாநெல்லி, சீரகம், சின்ன வெங்காயம் கோழிக்கு நல்லதுதான், நானும் கொடுக்கிறேன். ஆனால் பறவைக் காய்ச்சலுக்கு அது மருந்தில்லை.

இன்னொரு சிக்கல், கோழி செத்தாலே “வெள்ளைக்கழிச்சல்தான்” என்று விட்டுவிடுகிறோம். கொண்டை நீலமாவது, முகம் வீங்குவது, திடீர்ச் சாவு எல்லாம் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கழிச்சல் தடுப்பூசியைத் தவறாமல் போட்டிருந்தால் சந்தேகமாவது சீக்கிரம் வரும். மாதிரி போபாலில் உள்ள ஆய்வகத்துக்குப் போய்த்தான் உறுதியாகும்.

நாலைந்து கோழி சேர்ந்தாற்போல் செத்தால் கறிக்கு விற்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். நோய் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எல்லாக் கோழியையும் அழிப்பார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மத்திய அரசுத் திட்டத்தில் இழப்பீடு, உத்தரவுப்படி அழிக்கும் கோழிக்குத்தான். அதற்குமுன் தானாகச் செத்ததற்கு இல்லை. மறைத்த ஒவ்வொரு நாளும் நஷ்டம் நம்ம கணக்கில்தான் ஏறும்.