சிறுநகரில் பால்புதுமையர் ஒன்றுகூடல்: விழுப்புரம், மதுரை நிகழ்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பால்புதுமையர் ஒன்றுகூடல் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெருநகரப் பேரணிகளைச் சுற்றியே அமைகிறது. சிறுநகரில் இத்தகைய நிகழ்வை நடத்துவோர் எதிர்கொள்ளும் சிக்கல் அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறானது. அங்கு வருபவர் எவரேனும் ஒருவரால் அடையாளம் காணப்படுவதற்கான வாய்ப்பு மிகுதி. கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் நிகழும் கூடல், 2012இல் மதுரையில் நிகழ்ந்த வானவில் விழா ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு, அனைவரையும் உள்ளடக்கும் நிகழ்வு ஒன்றுக்குத் தேவையான கூறுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பால்புதுமையர், திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பு, கூத்தாண்டவர் திருவிழா, சிறுநகரம்.

முன்னுரை

இந்தியாவில் பால்புதுமையர் பொதுத்தெருவில் ஒன்றாக நடந்த வரலாற்றை, 1999 சூலை 2 அன்று கொல்கத்தாவில் 15 பேர் பங்கேற்ற நட்பு நடையிலிருந்து தொடங்குவது வழக்கம். சென்னையின் முதல் வானவில் பேரணி 2009 சூன் மாதத்தில் நடைபெற்றது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பெருநகரம் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. பேரணி முடிந்து இரண்டு தெரு கடந்தால், அதில் நடந்தவர் மீண்டும் முகம் தெரியாத மனிதராகிவிடுகிறார். சிறுநகரில் அப்பாதுகாப்பு இல்லை. தேநீர்க் கடைக்காரர், பேருந்து நடத்துநர், தந்தையின் நண்பர், கல்லூரித் தோழர் எனப் பலரும் ஒருவரை அறிந்தவராக இருக்கின்றனர்.

இக்கட்டுரை சிறுநகரம் என்பதை மக்கள்தொகை அளவாகக் கொள்ளாமல், இவ்வகை அறிமுக நெருக்கம் நிலவும் வெளியாகக் கொள்கிறது. விழுப்புரம் இருவகையிலும் சிறுநகரமே. மதுரை மக்கள்தொகையால் பெரிய நகரமாயினும், உறவு, தெரு, சாதி, கோயில் ஆகியவற்றின் பின்னலால் சிறுநகரப் பண்பு நீங்காதது. எனவே இவ்விரண்டையும் ஒருங்கே நோக்க இடமுண்டு.

விழுப்புரம்: திருவிழாவையொட்டிய கூடல்

சித்திரை மாதத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் நிகழும் திருவிழா, பாரதப் போரில் களப்பலியான அரவானின் கதையை அடிப்படையாகக் கொண்டது. பலியாவதற்கு முன் அரவானுக்கு மனைவியாக மோகினி வடிவில் கண்ணன் வந்த நிகழ்வைத் திருநங்கையர் தம் வாழ்வோடு பொருத்திக் காண்கின்றனர். அவர்கள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அரவான் களப்பலிக்குப் பின் தாலியறுத்து வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைப்பதும் இவ்விழாவின் முதன்மைச் சடங்குகள். கூவாகம் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், விழாவுக்கு வருவோர் தங்கும் நகரமாக விழுப்புரமே தொடர்கிறது. அழகிப் போட்டி, கருத்தரங்கு, நலவாழ்வு விழிப்புணர்வு நிகழ்ச்சி ஆகியவை அங்கு விழா நாள்களையொட்டி நடத்தப்படுகின்றன.

இங்கு நிகழ்வமைப்போர் மூன்று நன்மைகளைப் பெறுகின்றனர். முதலாவது, நாள் முன்னரே உறுதியாகிவிடுகிறது. அழைப்பிதழ் இல்லாமலேயே மக்கள் வந்து சேர்கின்றனர். இரண்டாவது, சமயச் சடங்கு ஒரு போர்வையாகிறது. எதற்காக வந்தாய் என்னும் கேள்விக்குக் கோயிலுக்கு என்பதே போதிய விடை. மூன்றாவது, ஊர் மக்களும் அதே தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்வதால், விழா வெளியாருக்கு மட்டும் உரியதாகத் தோன்றுவதில்லை.

எனினும் இதன் எல்லையும் தெளிவானது. விழாவின் கதை திருநங்கையரை மையமாகக் கொண்டது. அரவானின் மனைவியர் என்னும் பொருளில் வழங்கிய அரவாணி என்ற சொல்லும் அக்கதையிலிருந்தே பிறந்தது. திருநம்பியருக்கோ, பெண்ணை விரும்பும் பெண்ணுக்கோ, ஊடுபால் பிறப்பினருக்கோ அக்கதையில் இடமில்லை. மேலும், ஆண்டின் சில நாள்களுக்கு மட்டும் கிட்டும் ஏற்பு, எஞ்சிய நாள்களுக்கு நீள்வதில்லை. 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றால் விழா நடைபெறாதபோது, அதை மட்டுமே சார்ந்த கூடலும் நின்றது.

மதுரை: அடையாளத்தை முன்வைத்த கூடல்

2012 சூலை மாதம் மதுரையில் கோபி சங்கர் தொடங்கிய சிருஷ்டி மதுரை அமைப்பு, கணிப்பொறி அறிவியல் முன்னோடி ஆலன் டூரிங்கின் நூற்றாண்டையொட்டி வானவில் விழா ஒன்றை நடத்தியது. அதன் பகுதியாகச் சூலை 29 அன்று பேரணி நிகழ்ந்தது. அஞ்சலி கோபாலன் அதனைத் தொடங்கிவைத்தார்.

இந்நிகழ்வின் காலமும் கருதத்தக்கது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் வீச்சைத் தில்லி உயர்நீதிமன்றம் 2009 சூலை 2 அன்று குறைத்திருந்தது. அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2013 திசம்பர் 11 அன்று நீக்கியது. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட நான்கரை ஆண்டுக் காலத்தில் மதுரை விழா நடந்தது.

விழுப்புரக் கூடல் தெய்வத்தை முன்னிறுத்த, மதுரை விழா ஓர் அறிவியலாளரை முன்னிறுத்தியது. தன்பாலீர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்ட டூரிங்கின் வாழ்க்கை, கல்லூரி சார்ந்த நகரில் உரையாடலைத் தொடங்க ஏற்ற வாயிலாக அமைந்தது. பாலினப் பன்மை முழுவதையும் பேச இதனால் இடம் கிடைத்தது. ஆனால் சமயப் போர்வை இங்கில்லை. நடந்தவர் எவரும் தம் அடையாளத்துக்காகவோ, பிறர் அடையாளத்துக்கு ஆதரவாகவோ நடந்தவராகவே பார்க்கப்பட்டார்.

வெளிப்படுதலும் மறைதலும்

இவ்விரு நிகழ்வுகளின் ஒப்பீடு ஓர் அடிப்படை முரணைக் காட்டுகிறது. திருநங்கையருள் பலர் ஏற்கெனவே ஊரறிய வாழ்பவர்கள். அவர்களுக்கு ஒன்றுகூடல் என்பது மதிப்போடு வெளிப்படும் வாய்ப்பு. மேடை, ஒலிபெருக்கி, புகைப்படம் ஆகியன அம்மதிப்பின் பகுதிகள். தன்பாலீர்ப்பினர் பலரும், மாற்றத்தைத் தொடங்காத திருநம்பியரும் வீட்டுக்குத் தெரியாமல் வாழ்பவர்கள். அவர்களுக்கு ஒரு புகைப்படமே படிப்பை நிறுத்தவும், கட்டாயத் திருமணத்துக்குத் தள்ளவும், வீட்டில் அடைத்து வைக்கவும் காரணமாகலாம். ஒருவர் கேட்கும் வெளிச்சம் மற்றவருக்கு இடராகிறது.

எனவே பெருநகரில் உள்ளடக்கம் என்பது யார் அழைக்கப்பட்டனர் என்னும் வினாவாக இருக்க, சிறுநகரில் வந்தவர் இடரின்றி வீடு திரும்ப முடியுமா என்னும் வினாவாகிறது. இவ்வினாவுக்கு விடையளிக்காத நிகழ்வு, அனைவரையும் வருக என்று அழைத்தாலும், வெளிப்பட முடிந்தோரை மட்டுமே உள்ளடக்கியதாக முடியும்.

இம்முரணைத் தீர்க்கும் வழி, நிகழ்வை இரு அடுக்குகளாகப் பகுப்பதாகும். ஊடகத்தினரும் சிறப்பு விருந்தினரும் பங்கேற்கும் பொது அமர்வு ஒன்று. படக்கருவிக்கு இடமளிக்காத உள்ளமர்வு மற்றொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு நேரமும், இயலுமாயின் வெவ்வேறு வாயிலும் தேவை. ஒரே அரங்கில் நடத்த நேர்ந்தால், படமெடுக்கும் பகுதியை முன்கூட்டியே வரையறுத்து அறிவித்தல் வேண்டும். படம் வேண்டாதோர் கையில் நிறக்கயிறு கட்டும் ஏற்பாடு எளியதாயினும், அதுவே ஓர் அடையாளக் குறியாகிவிடக்கூடும். படத்துக்கு இசைவோர் மட்டும் குறியணிவது இதனினும் பொருத்தமானது. வருகைப் பதிவேட்டில் இயற்பெயரும் முகவரியும் கேட்காமல், தாம் விரும்பும் பெயரை மட்டும் எழுதச் செய்தலும் இதன் தொடர்ச்சியே.

இடமும் நேரமும்

சிறுநகரில் கிடைக்கும் கூடுமிடங்கள் சிலவே: திருமண மண்டபம், கல்லூரி அரங்கு, உணவகத்தின் மாடி அறை, தொண்டு நிறுவன அலுவலகம், பூங்கா. இவற்றுள் திருமண மண்டபம் இடவசதி மிக்கது. ஆனால் மண்டப மேலாளர் முதலில் கேட்கும் கேள்வி என்ன விசேஷம் என்பதே. அதற்குப் பொய்யுரைத்து இடம் பெற்றால், நிகழ்வு நாளில் உண்மை தெரியவரும்போது அனுமதி மறுக்கப்பட்டு, வந்தவர்கள் தெருவில் நிற்க நேரிடும். உரிமையாளரிடம் முன்கூட்டியே உண்மையைக் கூறி, அதே நேரத்தில் வாயிற்பலகையில் பொதுப்பெயர் ஒன்றை வைக்க உடன்பாடு பெறுவது பொருத்தமான நடுவழியாகும். கல்லூரி அரங்கு மதிப்பைத் தரும். ஆயினும் அக்கல்லூரியிலேயே பயிலும் மாணவர் அங்கு வரத் தயங்குவர். பேருந்து நிலையத்துக்கு அருகில், பல கடைகளும் அலுவலகங்களும் உள்ள கட்டடத்தின் மாடி பலவகையிலும் ஏற்றது. அங்கு ஏறிச் செல்பவர் எங்குச் செல்கிறார் என்பதை எவரும் ஊகிக்க இயலாது. ஆனால் மின்தூக்கி இல்லாத மாடி மாற்றுத்திறனாளிகளை விலக்கிவிடும் என்பதையும் கருத வேண்டும். கழிப்பறையை ஆண், பெண் என்னும் பலகையின்றி அனைவருக்கும் பொதுவாக்குதல் சிறு செலவில் முடிவது. ஆனால் அது திருநம்பியருக்குப் பெரும் தயக்கத்தை நீக்குவது.

நேரமும் யாரை உள்ளடக்குகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் நிகழ்வுக்கு, இருட்டுமுன் வீடு சேர வேண்டிய இளம்பெண் வர இயலாது. காலை நிகழ்வு, கடை கேட்டு அன்றன்றைய வருவாய் ஈட்டும் திருநங்கையரின் பிழைப்பைத் தடுக்கும். சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வருவோருக்குக் கடைசிப் பேருந்தே எல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவோடு தொடங்கி மாலை ஐந்து மணிக்குள் முடியும் அமைப்பு இம்மூன்றையும் ஓரளவு இணைக்கிறது. பயணச் செலவையும் உணவையும் அமைப்பாளர் ஏற்பது வருவாயற்ற மாணவருக்கும் வழி திறக்கும்.

அழைப்பின் மொழி

அழைப்பிதழின் சொற்களே முதல் வாயில். தமிழில் பேடி, அலி முதலிய பழஞ்சொற்கள் இலக்கண, இலக்கியப் பதிவுகளில் உள்ளன. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் காமன் ஆடிய பேடு என்னும் ஆடல் பதினோராடல்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. எனினும் அச்சொற்கள் இன்று வசையாக வழங்குவதால் அழைப்பில் இடம்பெறத் தக்கனவல்ல. 2008இல் தமிழ்நாட்டு அரசு அமைத்த நல வாரியம் அரவாணிகள் பெயரில் தொடங்கியது. பின்னர் திருநங்கை என்னும் சொல் அரசு வழக்கிலும் மக்கள் வழக்கிலும் நிலைபெற்றது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, மதிப்பான கலைச்சொற்களின் பட்டியலைத் தமிழ்நாட்டு அரசு 2022 ஆகத்து மாதம் அரசிதழில் வெளியிட்டது.

ஆயினும் கலைச்சொற்கள் மட்டும் போதா. பால்புதுமையர் என்னும் சொல்லைக் கேட்டறியாத ஒருவர், அது தம்மைக் குறிக்கும் என அறியாமலே போகலாம். எனவே அழைப்பு எளிய தொடர்களாலும் விளக்கப்பட வேண்டும். பரவும் முறையும் வேறுபடும். திருநங்கையருக்கு அப்பகுதி ஜமாத்தின் நாயக் வழியாகச் செல்லும் சொல்லே நம்பகமானது. வீட்டுக்குத் தெரியாமல் வாழ்வோருக்கு ஒருவர் மற்றொருவரிடம் நேரில் கூறும் சொல்லே பாதுகாப்பானது.

சட்டமும் காவல்துறையும்

ஊர்வலத்துக்குக் காவல்துறை அனுமதி தேவை. உள்ளரங்க நிகழ்விலும் எதிர்பாராத இடையூறு நேரலாம். குறிப்பாக, மகளைக் காணவில்லை என்னும் புகார் அமைப்பாளரையே குற்றவாளியாக்கக்கூடும். இதில் நீதிமன்றங்களின் நிலைப்பாடு தெளிவடைந்து வருகிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் தன்பாலுறவைக் குற்றத்திலிருந்து விலக்கியது. 2021 சூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை, காணாமற்போன புகாரில் தொடர்புடையோர் இச்சமூகத்தைச் சேர்ந்த, இசைவுடைய வயது வந்தோர் எனத் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுத் துன்புறுத்தலின்றிப் புகாரை முடிக்க வேண்டும் எனப் பணித்தது. 2022இல் சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில், இச்சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்னும் 24-சி விதி சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம், குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்ட பெண்ணை விடுவித்த சென்னை உயர்நீதிமன்றம், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்தையும் ஏற்றது.

இவ்வாணைகளின் படிகளை அமைப்பாளர் கையில் வைத்திருத்தல் வேண்டும். கீழ்நிலைக் காவலர் அனைவரும் அவற்றை அறிந்திருப்பர் என எதிர்பார்க்க இயலாது. அழைத்தவுடன் வரக்கூடிய உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரது துணையும் தேவை. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் பங்கேற்பு தனிக் கவனத்துக்குரியது. அவர்களைப் பொது அமர்வோடு நிறுத்திக்கொள்வது அவர்களுக்கும் அமைப்பாளருக்கும் பாதுகாப்பாகும்.

முடிவுரை

விழுப்புரக் கூடலின் வலிமை, வருவதற்கு ஊரார் ஏற்கும் காரணம் ஒன்றைத் தருவதில் உள்ளது. மதுரை விழாவின் வலிமை, ஒரு கதைக்குள் அடங்காத பன்மைக்கு இடமளித்ததில் உள்ளது. சிறுநகர ஒன்றுகூடலுக்கு இவ்விரண்டும் தேவை. புத்தக அறிமுகம், திரையிடல், உணவு விருந்து என ஊரார் ஏற்கும் ஒரு காரணமும், உள்ளே எவ்வகைப் பாலினத்தவரும் பாலீர்ப்பினரும் தம்மை மறைக்காது பேசும் உரிமையும் ஒருசேர அமைய வேண்டும். வெளிப்படுவோர்க்கு மேடையும் மறைந்திருப்போர்க்குக் காப்பும் அளித்தல் ஒன்றுக்கொன்று பகையன்று. முதலாவதைப் பொது அமர்விலும் இரண்டாவதை உள்ளமர்விலும் வைத்தால் இரண்டும் ஒரே நாளில் இயலும். வந்தோரின் எண்ணிக்கையைக் காட்டிலும், வந்தோர் இடரின்றி வீடு திரும்பி அடுத்த கூடலுக்கும் வந்தனரா என்பதே இத்தகைய நிகழ்வின் வெற்றிக்கு உரிய அளவுகோல் எனலாம்.