உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில நாள்கள்: மலைப்பகுதியில் வசிப்போருக்கான வழிகாட்டி

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் இரைப்பையின் கொள்ளளவு பெரிதும் குறைக்கப்படுகிறது. வீடு திரும்பிய முதல் சில நாள்களில் வலி, குமட்டல், சோர்வு ஆகியவை ஏற்படுவது இயல்பே. இவற்றுள் பெரும்பாலானவை நாளுக்கு நாள் குறையும். குறையாமல் கூடுபவை ஆபத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். ஏற்காடு, தலைச்சோலை போன்ற சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து சேலத்திற்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆகவே, இயல்பான உபாதை எது, ஆபத்தானது எது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

வயிற்று வலியும் தோள்பட்டை வலியும்

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டையில் வலி தோன்றலாம். இது பொதுவாகச் சில நாள்களில் மறையும். பகலில் மணிக்கு ஒருமுறை வீட்டிற்குள்ளோ சமதளத்திலோ சில நிமிடங்கள் நடந்து வாருங்கள். இவ்வாறு நடப்பது கால்களில் இரத்தம் உறைவதையும் தடுக்க உதவும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரைகளை மட்டுமே உட்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நீங்களாகவே மருந்துக் கடையில் வாங்கி உட்கொள்ள வேண்டாம். அவை இரைப்பையில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும்.

குமட்டலும் நீர்ச்சத்துக் குறைவும்

வேகமாகவோ அதிகமாகவோ பருகுவது குமட்டலுக்கு முக்கியக் காரணமாகும். ஒரு வாய் பருகிச் சற்றுப் பொறுத்து அடுத்த வாய் பருகுங்கள். 10 முதல் 15 நிமிடங்களில் சுமார் 30 மில்லி லிட்டர் போதுமானது. மருத்துவர் வேறு அளவு கூறாவிடில், நாளொன்றுக்கு 1.5 லிட்டரை எட்டப் படிப்படியாக முயலுங்கள். குளிர்ந்த மலைக்காற்றில் தாகம் தெரியாது. ஆகையால் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துப் பருகுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக மாறுவதும் அளவில் குறைவதும் நீர்ச்சத்துக் குறைவின் அடையாளங்கள்.

வெதுவெதுப்பான நீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர் ஆகியவற்றை மருத்துவமனை தந்த உணவு அட்டவணைப்படி பருகலாம். சர்க்கரை சேர்த்த பழச்சாறு, சோடா ஆகியவற்றைத் தவிர்க்கவும். நம் மலையில் விளையும் காபியையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஒதுக்கி வையுங்கள். "உடம்பு தேற வேண்டும்" என்ற அன்பினால் உறவினர் இட்லியோ சோறோ ஊட்ட முற்படலாம். திட உணவு தையல் ஆறுவதற்கு முன் இரைப்பையில் அழுத்தத்தை உண்டாக்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துரையுங்கள்.

மலை ஏறும் பயணம்

வளைவுகளில் வாந்தி வரும் இயல்புடையவர்கள், மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன்பே மருத்துவரிடம் கூறி அதற்குரிய மருந்தைப் பெறுங்கள். வாகனத்தின் முன் இருக்கையில் அமருங்கள். இருக்கைப் பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையே சிறு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடம், விறகு, காபி மூட்டை ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும்வரை தூக்கக் கூடாது.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள்

உணவின் அளவு குறைந்த நிலையில் பழைய அளவிலேயே இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொண்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழக்கூடும். இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவும் மாறலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் மாத்திரைகளை வீட்டிலேயே பெறுபவர்கள், அறுவை சிகிச்சை நடந்ததைப் பணியாளரிடம் தெரிவித்து, மருத்துவமனை தந்த புதிய மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

உடனடியாக 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• அமைதியாக அமர்ந்திருக்கும்போதும் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 120-க்கு மேல் இருத்தல்
• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
• நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி அல்லது தோள் வலி
• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், நடுக்கம்
• இரத்த வாந்தி, தார் போன்ற கரிய மலம்
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• பருகும் நீர் எதுவும் தங்காத தொடர் வாந்தி

இரைப்பைத் தையலில் கசிவு ஏற்பட்டால், பல நேரங்களில் நாடித்துடிப்பு கூடுவதே முதல் அறிகுறியாகும். அப்போது வயிற்று வலி கடுமையாக இல்லாமலும் இருக்கலாம். எனவே பராமரிப்பாளர், நோயாளியைப் பத்து நிமிடம் அமரவைத்தபின், காலையும் மாலையும் மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். துடிப்பு 100-க்கு மேல் நீடித்தால், அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையை அன்றே தொடர்புகொள்ளுங்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓய்வில் இருப்பவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும் உயரம் இதுவன்று. ஆகவே மூச்சுத் திணறல் ஏற்பட்டால் "குளிர் காற்று" என்றோ "மலை ஏறிய அலுப்பு" என்றோ எண்ணி இருந்துவிடாதீர்கள்.

மாலையில் தோன்றும் அறிகுறிக்காக விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெளியேற்றச் சுருக்கத்தையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். பொதுவான சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.