நாடா பிடித்த கை

மர வியாபாரி வரப்பில் வந்து நின்றார். தேக்கின் அடியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். "பதினாலு மரத்தையும் மொத்தமா பேசிக்குவோம்ணே" என்றார். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வயலில் அப்படித்தான் விற்பனை நடந்தது. இருபது வருடத்துக்கு மேல் வளர்ந்த மரங்கள், பேச்சு முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நெல்லை மரக்கால் மரக்காலாக அளந்தும், தேங்காயை எண்ணியும் கொடுத்த அப்பா, மரத்தை மட்டும் கண்மதிப்பில் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கன்று கொடுத்தவர்கள் உண்டு, குழி எடுக்கச் சொல்லித் தந்தவர்கள் உண்டு. மரத்தை அளக்கச் சொல்லித்தர யாரும் வந்ததில்லை.

கற்றுக்கொண்டால் ஒரு காலைப் பொழுது வேலைதான். உருட்டுக்கட்டையின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுக்க வேண்டும். வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடிக் கணக்கில் உள்ள நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. நடுச்சுற்று 48 அங்குலம், நீளம் 20 அடி என்றால் சரியாக 20 கன அடி வரும். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் வெளியிட்ட அட்டவணை இந்த முறையைப் பரப்பியது. உருளையின் உண்மையான கன அளவில் சுமார் 78.5 சதவீதத்தைத்தான் இது காட்டும், மீதி அறுப்பில் போகும் சேதாரத்துக்கான தள்ளுபடி. ஆக, தள்ளுபடி வாய்ப்பாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலும் "அறுப்புச் சேதாரம்" என்று கழிக்கும்போது வாய்திறந்து கேட்க, விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நாடாவை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். அதே 20 அடிக் கட்டையின் நுனிச்சுற்று 36 அங்குலமாக இருக்கலாம். அங்கே அளந்தால் கணக்கு 11.25 கன அடிக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய பாதி மரம் கண்ணெதிரே காணாமல் போகிறது, நாடாவோ பொய் சொல்லவில்லை. நடுவிலேயே அளந்து 48-ஐ 44 என்று படித்தாலும் மூன்று கன அடி போய்விடும். சுற்றளவு இந்தக் கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுவதால், சின்னப் பிழையும் பெருத்துவிடுகிறது.

நிற்கும் மரத்துக்கு வேறு வழி. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது நெஞ்சளவில், சுற்றளவு எடுக்க வேண்டும். சரிவில் நின்றால் மேட்டுப்பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே கவை பிரிந்திருந்தால் இரண்டு மரமாகக் கணக்கு. உயரத்துக்கு ஒரு நேரான குச்சி போதும். கையை நீட்டிக் குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து முஷ்டிக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு குச்சி முஷ்டிக்கு மேலே நிற்கட்டும். முஷ்டி மரத்தின் அடியோடும், குச்சி நுனி முதல் கிளையோடும் பொருந்தும்வரை சமதரையில் பின்னால் நடந்தால், நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே தண்டின் உயரம். ஒருமுறை செய்து பார்த்த பிள்ளைகள் இதை மறப்பதில்லை.

சவுக்கு எடைக்குப் போகிற மரம், அதன் கணக்கு வேறு. வெட்டிய பிறகு ஈரம் இறங்க இறங்க எடை குறையும். வெட்டும் நாளும் எடைமேடைக்குப் போகும் நாளும் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்டாலே நஷ்டம் குறையும்.

ஆனால் மரம் அளப்பது விற்பனையோடு முடிகிற வித்தை இல்லை. ஆண்டுதோறும் அதே மாதத்தில், பெயின்ட் கோடு போட்ட அதே உயரத்தில் பத்து மரங்களை அளந்து நோட்டில் எழுதினால் தோப்பு பேசத் தொடங்கும். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் தேக்கு. அத்தனைக்கும் கடைசிவரை வெயில் கிடைக்காது. சுற்றளவு ஏறும் வேகம் தளர்ந்தால், கலைத்து விட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். கோணல், கவை, நிழலில் அமுங்கியது, பூச்சி விழுந்தது ஆகியவைதான் முதலில் போக வேண்டும். எதை வெட்டுவது என்பதை வியாபாரியிடம் விட்டால் நல்லதெல்லாம் லாரி ஏறும், சோடைகள் நமக்கு மிஞ்சும். குறி போடும் தூரிகை சொந்தக்காரர் கையில்தான் இருக்க வேண்டும்.

கோவையில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. நல்ல ரகங்களும் வளர்ப்பு முறைகளும் அங்கிருந்து வருகின்றன. கன்று கொடுக்கிற ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு நாடாவையும் கொடுத்து, அரைநாள் மரத்தடியிலேயே அளக்கப் பழக்க வேண்டும் என்பது என் ஆசை.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மறு வருடம் அரை ஏக்கரில் தேக்கு நட்டோம். இந்தத் தை மாதம் அளந்தபோது, முன்பு ஆண்டுக்கு மூன்று அங்குலம் பருத்தவை ஒன்றரையில் நின்றிருந்தன. கலைக்க வேண்டும் என்றேன். "பிள்ளை மாதிரி வளத்தது, எப்படிடா வெட்டுறது?" என்றார் அப்பா. நோட்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக விரல் வைத்துப் படித்தார். பிறகு பெயின்ட் டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு போய், கவை விழுந்த ஒரு மரத்தில் சிவப்பு வளையம் போட்டார்.