வேலை நீக்கமும் நஷ்ட ஈடும்

வேலையை இழந்தவர் முதலில் கேட்கும் கேள்வி, "எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பதே. அதற்கு விடை இருவகைப்படும். ஆள் மிகுதியென்று அனுப்புவது ஆட்குறைப்பு. குற்றம் சாட்டி விலக்குவது வேலை நீக்கம். முன்னதற்குச் சட்டமே கணக்கு வகுத்துள்ளது. பின்னது முறைகேடானால், நியாயம் விசாரிப்போர் அளவிட்டுத் தருவதே தொகை.

ஆட்குறைப்புக் கணக்கு, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் அது நிலைபெற்றுள்ளது. ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கீடான சம்பளம் உண்டு. அத்துடன் ஆண்டொன்றுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடாகும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஓராண்டாகவே கொள்ளப்படும்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அச்சகத் தொழிலாளி ஒருவர் 12 ஆண்டு 7 மாதம் உழைத்தார் என்று கொள்வோம். கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரிச் சம்பளம் 18,000 ரூபாய். 15 நாளுக்கு 9,000. 13 ஆண்டுக்கு 1,17,000. முன்னறிவிப்பின்றி அனுப்பினால் மேலும் 18,000. ஆக 1,35,000 ரூபாய். ஏழு மாதம் ஐந்தாயிருந்தால் 9,000 குறையும். நஷ்ட ஈட்டை அனுப்பும்போதே கொடுக்கவேண்டும். கொடாவிடில் ஆட்குறைப்பே செல்லாது. பணிக்கொடையும் வைப்புநிதியும் இதில் அடங்கா.

முறைகேடான நீக்கத்துக்கு இத்தகைய வாய்பாடு இல்லை. தீர்ப்பாயம் மீண்டும் வேலையில் அமர்த்தி, இடைக்காலச் சம்பளத்தையும் அளிக்கலாம். அல்லது வேலைக்குப் பதிலாக ஒரு தொகையை விதிக்கலாம். முழுச் சம்பளமே பொதுவிதி என்று உச்சநீதிமன்றம் 1978இல் கூறியது. ஆயினும் அவ்வழக்கிலேயே நூற்றுக்கு 75 பங்குதான் அளித்தது. மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2013இல் அந்நீதிமன்றம் மேலும் தெளிவுபடுத்தியது: நீக்கப்பட்ட காலத்தில் தமக்கு வேறு சம்பாத்தியம் இல்லை என்று தொழிலாளி முதலில் சொல்லவேண்டும், இருந்ததென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பின்னர் முதலாளியுடையது. பணியாற்றிய காலமும், நியமனத்தின் தன்மையும்கூடத் தொகையைக் கூட்டும், குறைக்கும்.

ஆதலின் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, நீக்க உத்தரவு, பின்னர் வேறு வேலை தேடி எழுதிய விண்ணப்பங்களின் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. முதலில் சமரச அதிகாரியிடம் முறையிடுக. சமரச நடவடிக்கைக்கு, தகராறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டே வரம்பு. "கணக்குத் தீர்ந்தது" என்னும் சீட்டில் கையொப்பமிடுமுன், மேற்கூறிய கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.