முழத்துண்டும் கால்பணமும்

அரிச்சந்திரன் கதையை நான் முதன்முதலில் அறிந்தது ஆரம்பப் பள்ளியின் நீதிபோதனை வகுப்பில், அரைப்பக்க அளவில். ராஜ்யத்தை இழந்தான், மனைவியையும் மகனையும் விற்றான், சுடுகாடு காத்தான், ஆயினும் பொய் சொல்லவில்லை. ஆகவே நீங்களும் பொய் சொல்லாதீர்கள் என்று ஆசிரியர் முடித்துவிட்டார். பெற்ற பிள்ளையை விற்றுவிட்டு வாக்கைக் காப்பாற்றிய ஒருவனிடம் அந்தப் பிராயத்தில் எனக்குப் பக்தி உண்டாகவில்லை, பயமே உண்டாயிற்று. அந்தப் பயம் நீங்கி, அது எத்தகைய மகத்தான கதை என்று நான் உணர்ந்தது, வெகுகாலம் சென்ற பின்பு, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், அம்மன் திருவிழா இரவொன்றில், தெருவில் சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்த கூத்தினால்தான்.

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட் தொழிற்பேட்டையும், உருக்காலைப் புகையும், ஜி.என்.டி. சாலையில் இரவு பகலாக ஓடும் லாரிகளுமே பலருக்கு நினைவில் வரும். ஆனால் பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருத்தணி என்று திருவள்ளூர் மாவட்டத்தின் உட்பகுதிகளுக்குள் போனால், பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் கோயில் வாசல்களில் தெருக்கூத்து நடக்கும். ஊரார் வரிபோட்டுப் பணம் சேர்த்து, வாத்தியாரிடம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வருவார்கள். பாரதக் கூத்தும் தீமிதியும் திரௌபதி அம்மன் கோயில்களுக்கு உரியவை. கருமாதி இரவென்றால் பெரும்பாலும் கர்ணமோட்சம். ஆடுபவர்கள் அந்நியர்கள் அல்லர். பகலில் வயலிலோ கட்டட வேலையிலோ கம்பெனியிலோ பாடுபட்டுவிட்டு, மாலையில் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு அரசர்களாகிறவர்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்க, மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் கூட, கட்டியங்காரன் ‘நீர் யார்?’ என்று கேட்க, அந்த அரசர் தம் வரலாற்றைத் தாமே பாடிக்கொண்டு வெளிப்படும் அந்தக் கணத்தில், நேற்றுத் தேநீர்க்கடையில் நம் பக்கத்தில் நின்றவர் அவர் என்பது மறந்துபோகிறது.

அன்று நான் கண்ட மயான காண்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாடப்புத்தகம் விட்டுவிட்டது அதைத்தான். தமிழ்நாட்டு மேடைகளில் வழங்கும் கதைப்படி, விசுவாமித்திரருக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் ஒரு பிராமணருக்கு விற்ற அரிச்சந்திரன், தன்னையும் வீரபாகு என்னும் சுடுகாட்டு அதிபதிக்கு விற்றுக்கொள்கிறான். தர்ப்பை கொய்யப் போன மகன் பாம்பு கடித்து இறக்கிறான். வீட்டு வேலை முடியும்வரை அழவும் அனுமதியில்லாத தாய், நள்ளிரவில் தனியே பிணத்தைச் சுமந்து வந்து சுடலையில் விறகு அடுக்குகிறாள். காவல்காரன் ஓடிவந்து தடுத்து, பிணம் சுடுவதற்குரிய கூலியாக முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். என்னிடம் ஒன்றுமில்லையே ஐயா என்று அவள் கதறும்போது அவன் சொல்கிற பதில்தான் அந்தக் கதையின் உயிர்நிலை: வாய்க்கரிசி எனக்குரியது, அதை விட்டுத் தருகிறேன், துண்டும் பணமும் என் ஆண்டைக்குரியவை, அவற்றை விட எனக்கு உரிமையில்லை.

சத்தியம் என்பது வாயினால் பொய் சொல்லாமல் இருப்பது மாத்திரம் அன்று, தன்னுடையது எது, பிறருடையது எது என்று எந்தத் துக்கத்திலும் தடுமாறாமல் அறிவது என்பதை, எத்தனையோ நீதிநூல்கள் விளக்காத தெளிவுடன், சாம்பல் பூசிய ஒரு கூலிக்காரர் அந்த ஒரே வாக்கியத்தில் எனக்கு விளக்கிவிட்டார். அப்புறம் அவன், உன் கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றாவது கொடு என்கிறான். அந்தத் தாலி கணவன் ஒருவன் கண்ணுக்கே புலப்படுவது. சந்திரமதி வேஷம் கட்டிய ஆடவர் பிணத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்ல நிமிர்ந்து காவல்காரனைப் பார்த்த அந்தப் பார்வையில், எனக்கு முன்னே உட்கார்ந்திருந்த கிழவிகள் வாய்விட்டு அழுதார்கள்.

அவர்கள் அழுததற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நான் நினைக்கிறேன். இந்த மாவட்டம் செங்கற்சூளைகளின் மாவட்டம். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போய், அந்தக் கடன் தீராமலே வருஷங்களைக் கழித்த ஏழை ஜனங்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்த பின்பும், சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்டோர் பலர். கடனுக்காக மனைவி மக்களோடு மனிதன் விலைப்படுவது பள்ளிப் பையனுக்குக் கட்டுக்கதை. அந்தச் சபைக்கு அது அனுபவம்.

நல்லூர் வீரகவிராயர் 1524-இல் புராணமாகப் பாடிய கதை இது. சிறுவனாயிருந்த காந்தியடிகள் ராஜகோட்டில் நாடகமாகப் பார்த்து, தமக்குள்ளேயே அதை எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். 1913-இல் வெளிவந்த பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரைப்படத்திலும், நம் கூத்தைப் போலவே, ராணியாக நடித்தவர் ஓர் ஆடவர்தான். காந்தியடிகளுக்கும் கதை மனத்தில் பதிந்தது மேடையின் வழியாகத்தான் என்பது கவனிக்கத்தக்கது. குழந்தைகளுக்குச் சொல்லும்போது நாம் துக்கத்தைக் குறைத்து நீதியைக் கூட்டுகிறோம். கூத்தோ விடிய விடிய நேரம் எடுத்துக்கொண்டு, துக்கத்தை அதன் முழு அளவில் அனுபவிக்க விடுகிறது. கூத்து நடக்கும் தெருவில் குழந்தைகளை யாரும் விலக்குவதுமில்லை. அவர்கள் பாட்டி மடியில் தூங்கி, மத்தளச் சத்தத்தில் விழித்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கதையை உட்கொள்கிறார்கள்.

அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தில், 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவிய பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும், 2002-இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஒரு குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு கூத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். ஆடவர்க்கே உரியதாயிருந்த களரியில் பெண் குழந்தைகளும் ஆடினார்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. அத்தகைய பள்ளி ஒன்று திருவள்ளூர் மாவட்டத்துக்கும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப்பக்கம் அரிச்சந்திரன் கூத்து என்று கேள்விப்பட்டால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். நடுநிசியில் எழுந்து வந்துவிடாதீர்கள். மயான காண்டம் தொடங்குவதே விடியற்காலத்தை ஒட்டித்தான்.