தருமபுரி மாவட்டத்தில் புளூரோசிஸ்

புளூரோசிஸ் என்பது புளூரைடு அளவுக்கு மிகுதியாக நெடுங்காலம் உடலில் சேர்வதால் பற்களிலும் எலும்புகளிலும் உண்டாகும் நோய் ஆகும். தமிழ்நாட்டில் இந்நோயால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் தருமபுரி மாவட்டமும், 2004 இல் அதிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டமும் அடங்கும். இந்தியாவில் எலும்புப் புளூரோசிஸ் 1937 ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறிந்து விவரிக்கப்பட்டது.

காரணம்

இப்பகுதியின் நிலத்தடியில் கடும்பாறைகள் உள்ளன. இவற்றிலுள்ள கனிமங்களிலிருந்து புளூரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகின்றது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருத்தல் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் ஆகும். புளூரைடு கலந்த நீரை நிறத்தாலோ மணத்தாலோ அறிய இயலாது. கொதிக்க வைத்தாலும் புளூரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

பற்களில் விளைவு

பற்சிப்பி உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, மிகுதியான புளூரைடு அதன் கனிமமாக்கத்தைக் குலைக்கின்றது. இதனால் வெண்திட்டுகளும், கடுமையான நிலையில் பழுப்புக் கறையும் குழிகளும் தோன்றுகின்றன. இக்கறை பல் துலக்குவதால் நீங்காது. எனவே இது ஒருவர் குழந்தைப் பருவத்தில் குடித்த நீரின் பதிவு எனலாம்.

எலும்புகளில் விளைவு

பல ஆண்டுகள் புளூரைடு சேரும்போது எலும்பு அடர்த்தி மிகுந்தும் உறுதி குறைந்தும் போகின்றது. தசைநார்களில் சுண்ணாம்பு படிகின்றது. மூட்டுவலியில் தொடங்கும் நோய், முற்றிய நிலையில் முதுகெலும்பை விறைக்கச் செய்து குனியவும் திரும்பவும் முடியாதபடி ஆக்குகின்றது.

மருத்துவம்

டைக்குளோபினாக், ஐபுபுரோபென் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் வலியைத் தணிக்கின்றன. ஆனால் எலும்பில் படிந்த புளூரைடை அவை அகற்றுவதில்லை. உடலில் சேரும் புளூரைடு முக்கியமாகச் சிறுநீரகங்களின் வழியே வெளியேறுகின்றது. இம்மருந்துகளை மருத்துவரின் ஆலோசனையின்றி நெடுநாள் உட்கொண்டால் அதே சிறுநீரகங்கள் பழுதுபடக்கூடும்.

தடுப்பு

முற்றிய நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லாமையால், குடிநீரை மாற்றுவதே முதன்மையான வழியாகும். இதற்காகக் காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டது. 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. கேழ்வரகு, பால் முதலிய சுண்ணாம்புச் சத்துள்ள உணவுகளும் பாதிப்பைக் குறைக்க உதவுகின்றன. எனினும் அவை நல்ல குடிநீருக்கு மாற்றாகமாட்டா.